கீழாநெல்லி, கரிசாலை, கல்லீரல்: மூலிகையின் எல்லையும் அன்றாடப் பழக்கத்தின் பங்கும்

கல்லீரல் நலத்துக்கென்று தமிழ்நாட்டில் வழங்கும் மூலிகைகளில் கீழாநெல்லியும் கரிசாலை எனப்படும் கரிசலாங்கண்ணியும் முதலிடம் பெற்றவை. கடலூர் மாவட்டம் கம்மாபுரம் ஒன்றியத்தின் நெல்வயல் வரப்புகளிலும் வாய்க்கால் கரைகளிலும் இவ்விரண்டும் விதைக்காமலே முளைக்கின்றன. நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் இந்த ஒன்றியத்தை ஒட்டியுள்ளன. அருகிலுள்ள வடலூர், கரிசாலையை அன்றாட உணவாக்கிய வள்ளலாரின் ஊர். மூலிகை மரபு வேரூன்றிய இதே வட்டாரத்தில் சுரங்கத்தின் ஷிஃப்ட் வேலையும், மதுவும், மழைக்கால நீர் மாசும், பெருகிவரும் நீரிழிவும் கல்லீரலுக்குப் புதிய சுமைகளை ஏற்றுகின்றன. இந்தச் சுமைகளில் எதற்கு மூலிகை உதவும், எதற்கு உதவாது, எதற்குப் பழக்கத்தை மாற்றுவதே மருந்து என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்லீரலின் பணி

கல்லீரல் வயிற்றின் வலப்புற மேற்பகுதியில் விலா எலும்புகளுக்குள் அமைந்தது. வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 1.5 கிலோ எடையுள்ளது. குடலில் செரித்த சத்துகள் ரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் பரவுமுன் போர்ட்டல் சிரை வழியாக முதலில் இங்கே வந்து சேர்கின்றன. சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமிப்பது, ரத்தம் உறையத் தேவையான புரதங்களையும் ஆல்புமினையும் ஆக்குவது, புரதச் சிதைவில் வரும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது, மதுவையும் மருந்துகளையும் சிதைப்பது, கொழுப்பு செரிக்க உதவும் பித்தநீரைச் சுரப்பது ஆகியவை அதன் முதன்மையான வேலைகள்.

ஆயுள் முடிந்த சிவப்பணுக்கள் உடைவதால் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உருவாகிறது. கல்லீரல் இதைப் பித்தநீரில் சேர்த்து வெளியேற்றுகிறது. இந்த வேலை தடைப்பட்டால் நிறமி ரத்தத்தில் தங்கிவிடும். அதன் அளவு டெசிலிட்டருக்குச் சுமார் 3 மில்லிகிராமை எட்டும்போது கண்ணின் வெண்படலம் மஞ்சளாவது தெரியும். ஆகவே மஞ்சள் காமாலை தனி நோய் அன்று. பல நோய்களின் பொது அறிகுறி. வைரஸ், மது, மருந்து நச்சு, பித்தக்கல், எலிக்காய்ச்சல், சிவப்பணுக்கள் மிகையாக உடைவது ஆகிய எதனாலும் அது வரலாம். எல்லாக் காமாலைக்கும் ஒரே தழை என்ற எண்ணத்தின் முதல் பிழை இங்கேயே தொடங்குகிறது.

கல்லீரலுக்கு மீண்டும் வளரும் ஆற்றல் உண்டு. அறுவை சிகிச்சையில் பெரும்பகுதியை நீக்கினாலும், எஞ்சிய பகுதி நலமாக இருந்தால் சில மாதங்களில் அது ஏறக்குறையப் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். ஆனால் அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் வடுத்திசு சேர்ந்து சிரோசிஸ் எனப்படும் இறுக்கம் உண்டாகிறது. அந்த நிலை வரும்வரை பெரும்பாலோருக்கு வலியோ மஞ்சளோ தெரிவதில்லை. காமாலை வந்தால்தான் கல்லீரலைப் பற்றி நினைப்பது என்ற வழக்கம் இதனால் போதாமல் போகிறது.

வட்டாரத்தில் காணும் நோய்கள்

ஹெபடைட்டிஸ் ஏ, ஈ ஆகிய இரண்டும் மலம் கலந்த நீராலும் உணவாலும் பரவுகின்றன. டெல்லியில் 1955-56இல் யமுனை நீரில் சாக்கடை கலந்ததால் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது ஈ வகை என்று பின்னாளில் தெரியவந்தது. தானே புயல் (2011 டிசம்பர்), 2015 மழைவெள்ளம் என அடுத்தடுத்து அடிபட்ட கடலூர் மாவட்டத்தில், வெள்ளத்துக்குப் பின் குடிநீர்க் குழாய்களிலும் கிணறுகளிலும் கழிவு கலக்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. இவ்விரு வகைகளும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே அடங்கிவிடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்கும் ஈ வகை இதற்கு விலக்கு. அதில் 20 முதல் 25 சதவீதம் வரை உயிரிழப்பு நேரலாம் என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

பி, சி வகைகள் ரத்தம் வழியாகவும், சுத்திகரிக்காத ஊசி வழியாகவும் பரவுகின்றன. பி வகை தாயிடமிருந்து குழந்தைக்கும், உடலுறவின் வழியாகவும் பெரிதும் தொற்றும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேருக்குப் பி வகையும் 55 லட்சம் பேருக்குச் சி வகையும் இருந்தன. பலருக்கும் தம் உடலில் தொற்று இருப்பதே தெரியாது.

மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் காமாலை எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நடவும் களையெடுப்பும் செய்வோருக்கு, காலில் உள்ள சிறு புண் வழியாக லெப்டோஸ்பைரா கிருமி நுழைகிறது. கண் சிவந்து, கெண்டைக்கால் தசை கடுமையாக வலித்து, சிறுநீர் குறைந்தால் இதையே முதலில் ஐயுற வேண்டும். பெனிசிலின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளால் குணமாகக்கூடிய நோய் இது. தழை அரைத்துக் குடித்தபடி நான்கைந்து நாள் காத்திருந்தால் சிறுநீரகம் செயலிழக்கும் அபாயம் உண்டு.

இப்போது எண்ணிக்கையில் மற்றவற்றை எல்லாம் மிஞ்சுவது கொழுப்புக் கல்லீரல். சென்னை நகரவாசிகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வொன்றில் 32 சதவீதத்தினருக்கு அது காணப்பட்டது. நீரிழிவு உள்ளோரில் அந்த விகிதம் பாதியைத் தாண்டியது. இந்தியா முழுவதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான கட்டுரை, பெரியவர்களில் ஏறத்தாழ 38 சதவீதத்தினருக்கு இது இருப்பதாகக் கணித்தது. ஒன்றிய அரசு 2021 பிப்ரவரியில் இதைத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது.

கீழாநெல்லி: வழக்கும் ஆய்வும்

கீழாநெல்லி ஓரடி உயரம் வளரும் சிறு செடி. நெல்லியிலை போன்ற சிற்றிலைகளின் அடிப்புறத்தில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும். பழைய நூல்கள் பலவற்றில் இது ஃபில்லாந்தஸ் நிரூரி எனக் குறிக்கப்பட்டது. அந்தப் பெயருக்குரிய செடி அமெரிக்க நிலப்பகுதிக்கு உரியது என்றும், தமிழ்நாட்டில் பெருமளவு மருந்தாவது ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்றும் தாவரவியலர் பின்னர் தெளிவுபடுத்தினர். இதே தோற்றமுள்ள வேறு சில இனங்களும் வரப்பில் கலந்தே முளைக்கின்றன. பறிப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். அவற்றின் வேதிப்பொருள்களோ ஒன்றல்ல.

செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி, விழுதாக அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரிலோ பாலிலோ கலந்து காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பது கிராமத்து வழக்கம். உப்பு, புளி, எண்ணெய், புலால் ஆகியவை பத்தியமாக விலக்கப்படும். மூன்று முதல் ஏழு நாள் வரை மருந்து தொடரும்.

இந்த வழக்கை நவீன ஆய்வுக்கு உட்படுத்தியதில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து இதில் ஈடுபட்டனர். 1987இல் வெளியான கட்டுரை, கீழாநெல்லிச் சாறு இந்த வைரஸ் பெருகத் தேவையான நொதியைச் சோதனைக்குழாயில் தடுப்பதாகக் கூறியது. வுட்சக் என்ற அமெரிக்க நிலஅணிலின் உடலில் காணும் இதே குடும்பத்து வைரஸும் குறைந்ததாக அக்கட்டுரை காட்டியது. அடுத்து எஸ்.பி. தியாகராஜன் தலைமையிலான குழு மனிதர்களிடம் நடத்திய ஆய்வு 1988இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பி வைரஸைத் தாங்கியிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள் தரப்பட்டது. அவர்களில் 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 சதவீதத்தினருக்கு, வைரஸின் மேற்பரப்புப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது. இந்த முடிவு உலகெங்கும் எதிர்பார்ப்பை எழுப்பியது.

தாய்லாந்திலும் நெதர்லாந்திலும் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த ஆய்வைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிட்டவில்லை. செடியின் இனம், விளைந்த மண், பறித்த பருவம், பதப்படுத்திய முறை ஆகியவை வேறுபட்டதே காரணம் என்று ஒரு சாரார் கருதினர். முதல் ஆய்வு சிறியது, அதில் பங்கேற்றோர் பலர் இறுதிவரை தொடரவில்லை என்று மற்றொரு சாரார் சுட்டினர். 16 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பிக்கு ஃபில்லாந்தஸ் வகைகள் பலன் தருகின்றன என்று சொல்லப் போதிய சான்று இல்லை என முடித்தது. ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் முதலிய சேர்மங்கள் எலிகளின் கல்லீரலை நச்சிலிருந்து ஓரளவு காப்பதாக ஆய்வகச் சான்றுகள் உள்ளன. ஆனால் எலியில் கண்ட பலன் மனிதரிடம் அதே அளவில் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

அப்படியானால் தலைமுறை தலைமுறையாகக் கீழாநெல்லி குடித்துக் குணமானவர்கள் எப்படிக் குணமானார்கள்? கிராமத்தில் பெரிதும் காணும் காமாலை ஏ, ஈ வகையைச் சேர்ந்தது. அது மூன்று முதல் ஆறு வாரங்களில் தானாக வடிந்துவிடும். நோய் உச்சம் தொடும் வேளையில் தழை மருந்து தொடங்குகிறது, அடுத்து இறங்குமுகமே. இறங்கியதன் புகழ் தழைக்குச் சேர்கிறது. மருந்தோடு விதிக்கப்படும் ஓய்வும், மது விலக்கும், காய்ச்சிய நீரும் உண்மையிலேயே உதவுபவை. இதனால் கீழாநெல்லி பயனற்றது என்று ஆகிவிடாது. அதன் புகழ் எந்த வகைக் காமாலையில் உருவானது என்பதைப் பிரித்தறிய வேண்டும் என்பதே இதன் பொருள். நாட்பட்ட பி, சி வகைகளிலும் பித்தநீர்க் குழாய் அடைப்பிலும் நோய் பெரும்பாலும் தானாக வடிவதில்லை. அங்கே காத்திருப்பது கேடு.

பத்தியத்திலும் ஒரு திருத்தம் தேவை. காமாலையில் குமட்டல் இருக்கும்போது எண்ணெய்ப் பண்டங்களைக் குறைப்பது இதமளிக்கும். ஆனால் வெறும் கஞ்சியும் கரும்புச்சாறுமாக வாரக்கணக்கில் ஓட்டினால் புரதக் குறைவால் தசை கரையும். பருப்பு, மோர், முட்டை ஆகியவற்றை நோயாளியின் செரிமானத்துக்கேற்பத் தரலாம்.

கரிசாலையும் வடலூர் மரபும்

கரிசலாங்கண்ணி, கரிசாலை, கையாந்தகரை என வழங்கும் செடியில் இரண்டு வகை உண்டு. வெண்ணிறப் பூப்பது எக்லிப்டா புரோஸ்ட்ரேட்டா. ஈரமான வாய்க்கால் கரைகளில் தானே முளைப்பது. மஞ்சள் பூப்பது வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது; வீட்டுத் தோட்டங்களில் வளர்த்துக் கீரையாக உண்ணப்படுவது. இரண்டிலும் வெடலோலாக்டோன் என்ற சேர்மம் உள்ளது. அது கல்லீரல் செல்களைக் காப்பதாக விலங்கு ஆய்வுகள் கூறுகின்றன. மனிதரிடம் நடந்த தரமான ஆய்வுகள் மிகச் சில. சித்த மருத்துவத்தில் காமாலைக்கும் ரத்தசோகையாகிய பாண்டுவுக்கும் கரிசாலை சேர்ந்த லேகியங்களும், இரும்பு சேர்ந்த செந்தூரங்களுக்குத் துணைமருந்தாகக் கரிசாலைச் சாறும் வழங்குகின்றன.

சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள், வடலூரில் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அவர் மூலிகைகளின் குணங்களைத் தொகுத்ததோடு, ‘நித்திய கரும விதி’ என்ற தலைப்பில் நாள்முழுதும் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கையும் எழுதி வைத்தார். விடியுமுன் எழுவது, வெந்நீர் பருகுவது, அளவோடு உண்பது, பகலுறக்கத்தை நீக்குவது, புலாலை விலக்குவது ஆகியவை அதில் அடங்கும். கரிசாலையுடன் தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் சேர்த்த தூளைப் பாலும் நீரும் கலந்து காய்ச்சிப் பருகும் முறையையும் அவர் சொன்னார். அவருடைய சன்மார்க்க வழியைப் பின்பற்றும் அன்பர்களிடையே அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இந்த மரபில் கவனிக்கத்தக்கது மூலிகைக்கு அளிக்கப்பட்ட இடம். கரிசாலை அங்கே நோய் வந்தபின் விழுங்கும் மருந்தாகத் தனியே நிற்கவில்லை. காய்ச்சிய நீர், அளவான உணவு, ஒழுங்கான உறக்கம் என்ற முழு நாள் ஒழுக்கத்தில் அது ஒரு கூறு. இன்றைய கல்லீரல் மருத்துவம் சான்றோடு பரிந்துரைப்பவற்றில் பெரும்பங்கு இந்த ஒழுக்கத்தோடு ஒத்துப்போகிறது. மூலிகைப் பகுதிக்குத்தான் சான்று இன்னும் மெலிந்திருக்கிறது. கரிசாலைக் கீரையை வாரம் ஓரிரு முறை பருப்போடு கூட்டாகவோ பொரியலாகவோ உண்பதில் தடையேதும் இல்லை. அது நல்ல கீரை என்ற அளவில் அதன் பயன் உறுதியானது.

பிற மூலிகைகள்

நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபலைடு, கடுகுரோகிணியின் பிக்ரோசைடுகள், மஞ்சளின் குர்குமின் ஆகியவை ஆய்வகத்தில் அழற்சியைக் குறைக்கின்றன. கடுகுரோகிணியிலிருந்து லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் பிக்ரோலிவ் என்ற சாற்றை உருவாக்கியது. நெல்லிக்காயில் வைட்டமின் சியும் துவர்ப்புச் சேர்மங்களும் மிகுதி. இவற்றைச் சமையல் அளவில் உண்பதற்கும், செறிவூட்டிய மாத்திரையாக விழுங்குவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

கல்லீரல் டானிக்குகள் பற்றி இலங்கையிலிருந்து ஒரு முக்கியச் சான்று கிடைக்கிறது. மதுவால் கல்லீரல் கெட்ட 80 நோயாளிகளிடம், பல மூலிகைகள் கலந்த லிவ்.52 மாத்திரையை வெற்று மருந்தோடு ஒப்பிட்டு ராகமை மருத்துவர்கள் ஆறு மாதம் ஆராய்ந்தனர். 2003இல் வெளியான முடிவின்படி இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. டானிக் குடித்தால் மதுவின் கேடு ஈடாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதரவு இல்லை.

மூலிகையால் வரும் கேடு

இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் கேடற்றதாகிவிடாது; உண்ணும் மூலிகையையும் சிதைப்பது கல்லீரலே. கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்பாற்றலுக்காகச் சீந்தில் கொடியைப் பலர் தொடர்ந்து பருகினர். அதனால் கல்லீரல் அழற்சி கண்ட ஆறு பேரை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்தனர். அடுத்த ஆண்டு 13 மருத்துவமனைகளின் கூட்டாய்வு 43 பேரை விவரித்தது. அதே தோற்றமுள்ள வேறு கொடி கலந்திருக்கலாம் எனக் கூறி ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது. கலப்படம் காரணம் என்றாலும் வாங்கி உண்பவருக்கு விளைவு ஒன்றே. அமுக்கராவாலும், மிளகுச் சாறு சேர்த்து உறிஞ்சலைக் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளாலும் கல்லீரல் கெட்ட நிகழ்வுகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பதிவாகியுள்ளன. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது.

கம்மாபுரம் வட்டாரத்துக்குத் தனியாக ஒரு கவனம் தேவை. பழுப்பு நிலக்கரி எரிந்த சாம்பலில் கன உலோகங்கள் உண்டு. சாம்பல் படியும் இடங்கள், சுரங்க நீர் ஓடும் கால்வாய்கள், பூச்சிமருந்து தெளித்த வரப்புகள் ஆகியவற்றில் முளைத்த செடி அந்த உலோகங்களையும் நஞ்சையும் உறிஞ்சி வைத்திருக்கலாம். மூலிகை வேண்டுவோர் அதை வீட்டுத் தொட்டியில் நல்ல மண்ணில் வளர்ப்பது பாதுகாப்பானது. பாதரசம், ஈயம் முதலியவை சேரும் பற்பங்களையும் செந்தூரங்களையும் பதிவுபெற்ற சித்த மருத்துவரின் கண்காணிப்பின்றி உண்ணலாகாது. காசநோய் மருந்துகளான ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு உட்கொள்பவர்கள் மூலிகையையும் சேர்த்தால், கல்லீரல் கெடும்போது காரணம் எதுவென்று கண்டறிவதே கடினமாகும். மூக்கில் சாறு விடுதல், கையில் சூடு போடுதல் ஆகிய காமாலை வைத்தியங்களை முற்றாக விலக்க வேண்டும்.

அன்றாடப் பழக்கங்கள்

குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுவது ஏ, ஈ வைரஸ்களை அழிக்கும் எளிய வழி. மழைக்காலத்தில் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். கழிப்பறைக்குப் பின்னும் சமைக்குமுன்னும் சோப்பால் கை கழுவுவது அதற்கு இணையான காப்பு. சேற்றில் இறங்குவோர் காலணி அணிவதும், காலின் புண்ணை மூடுவதும் எலிக்காய்ச்சலைத் தடுக்கும்.

மதுவைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. இந்த இடைப்பொருள் செல்களைச் சிதைத்து, கொழுப்பு, அழற்சி, வடு என்ற வரிசையில் நோயை வளர்க்கிறது. மதுவில் தீங்கற்ற அளவு என எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. மதுவால் கொழுப்புச் சேர்ந்த கல்லீரல், குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். மருத்துவரின் துணையோடு நிறுத்துவதே முறை.

கொழுப்புக் கல்லீரலுக்கு உடல் எடையே மையம். உண்ட மாவுச்சத்தும் சர்க்கரையும் தேவைக்கு மிஞ்சும்போது கல்லீரல் அவற்றைக் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே சேர்க்கிறது. தட்டில் பெரும்பகுதி சோறாகவும், மாலையில் சர்க்கரை இட்ட டீயும் வடை பஜ்ஜியுமாக இருக்கும் உணவுமுறை இந்த நோயைத் தரும். எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு இறங்குகிறது. 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி தணிகிறது. 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தோரில் பலருக்கு வடுவும் பின்வாங்கியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 80 கிலோ எடையுள்ளவருக்கு இது 8 கிலோ. இந்த அளவு பலனைக் காட்டிய மூலிகை எதுவும் இதுவரை இல்லை. இந்தியருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்டிமீட்டரையும் பெண்களில் 80 சென்டிமீட்டரையும் தாண்டுவது எச்சரிக்கைக் குறி.

இதற்கு வழி, சோற்றின் அளவைக் குறைத்து அந்த இடத்தைக் காய்கறி, கீரை, பயறு ஆகியவற்றால் நிரப்புவது. கேழ்வரகு, கம்பு, சாமை என முழுத்தானியங்களைச் சேர்ப்பது. குளிர்பானத்தையும் பாக்கெட் பழச்சாறையும் விடுவது. சிறுதானியமும் அளவு மீறினால் கொழுப்பாகவே சேரும். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை தேவை. எடை குறையாவிட்டாலும் உடற்பயிற்சி கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது.

சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிஃப்ட் முறையில் உழைப்போருக்கு உணவு நேரம் சிதறுகிறது. உடலின் நாள்கடிகாரத்தோடு கல்லீரலின் வேலையும் இணைந்திருப்பதால், நள்ளிரவில் உண்ணும் கனமான உணவு எளிதில் கொழுப்பாகிறது. இரவு ஷிஃப்டுக்குச் செல்லுமுன் முதன்மை உணவை முடித்துக்கொண்டு, நடுவில் சுண்டல், மோர், பழம் போன்ற இலேசான உணவோடு நிறுத்துவதும், பகலில் ஒரே நேரத்தில் தொடர்ச்சியாக உறங்குவதும் உதவும். பகலுறக்கம் கூடாது என்ற பழைய விதி இரவில் உறங்கியவருக்கானது. இரவெல்லாம் விழித்தவருக்குப் பகலுறக்கமே உறக்கம். சிரோசிஸ் உள்ளவருக்கு விதி வேறு. நீண்ட பட்டினியில் அவருடைய தசை கரைவதால், படுக்குமுன் சிறிது உணவு உண்ண வேண்டும்.

காப்பி கல்லீரலுக்கு நல்லது என்பதற்குச் சான்றுகள் ஒரே திசையில் அமைந்துள்ளன. ஏறத்தாழ 4.95 லட்சம் பிரிட்டன் மக்களைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், காப்பி அருந்துவோருக்கு நாட்பட்ட கல்லீரல் நோய் 21 சதவீதம் குறைவாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுவது, காரணத்தை நிறுவிவிடவில்லை. சர்க்கரை சேர்க்காத ஃபில்டர் காப்பி நாளுக்கு இரண்டு மூன்று குவளை அருந்துவதில் பெரும்பாலோருக்குக் குறையில்லை.

உணவில் சேரும் பூஞ்சை நஞ்சும் கல்லீரலைக் கெடுக்கும். அருகிலுள்ள விருத்தாசலம் வட்டாரத்தில் நிலக்கடலை முக்கியப் பயிர்.  ஈரத்தோடு மூட்டை கட்டிய கடலையில் பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. இது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம் என உறுதியானது; பி வைரஸும் உடனிருந்தால் ஆபத்து பன்மடங்கு. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் 1974இல் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் உண்டு கல்லீரல் கெட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடலையை நன்றாகக் காயவைப்பதும், சுருங்கி நிறம் மாறிய பருப்பைப் பொறுக்கி எறிவதும் அவசியம். வறுப்பதாலோ வேகவைப்பதாலோ இந்த நஞ்சு முழுதும் நீங்காது.

பாரசிட்டமால் முறையாக உண்டால் பாதுகாப்பானது. நாளுக்கு 4 கிராம் என்ற எல்லையைத் தாண்டினால் அதுவே கல்லீரலைச் செயலிழக்கச் செய்யும். மது அருந்துவோருக்கும் உடல் மெலிந்தோருக்கும் எல்லை இன்னும் குறைவு. சளி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, உடல்வலி மாத்திரை மூன்றிலும் ஒரே மருந்து இருக்கலாம் என்பதை அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தடுப்பூசியும் பரிசோதனையும்

ஹெபடைட்டிஸ் பி கைக்குழந்தைப் பருவத்தில் தொற்றினால் 90 சதவீதம் வரை நாட்பட்டதாகிறது. பெரியவரிடம் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும் என்பதன் காரணம் இதுவே. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 2011 முதல் நாடு முழுவதும் இது இலவசம். அதற்கு முன் பிறந்த பெரும்பாலோர் இதைப் பெற்றிருக்க மாட்டார்கள். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை உண்டால் 95 சதவீதத்தினருக்கு அது முற்றாகக் குணமாகிறது. புளும்பெர்க்கின் பிறந்தநாளான ஜூலை 28 அன்று 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், இந்தச் சோதனைகளும் மருந்துகளும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன.

நீரிழிவு, பருமன், மதுப்பழக்கம், குடும்பத்தில் கல்லீரல் நோய், முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பவர் ஆண்டுக்கொருமுறை கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் தட்டணு எண்ணிக்கையும் பார்ப்பது நல்லது. பி, சி சோதனையை ஒருமுறையேனும் செய்துகொள்ள வேண்டும். நொதி அளவு சரியாக இருப்பதாலேயே நோயில்லை என்று முடிவுகட்ட இயலாது. தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்டும், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் செய்யப்படும்.

மஞ்சளோடு மனக்குழப்பம், மிகுந்த தூக்கக் கலக்கம், ரத்தவாந்தி, கருநிற மலம், வயிறு உப்புதல், ஓயாத வாந்தி, காய்ச்சலோடு குளிர்நடுக்கம், வெளிறிய மலத்துடன் அரிப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கர்ப்பிணிக்குக் காமாலை கண்டால் வேறு அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது.

சான்றுகளை வரிசைப்படுத்தினால் தடுப்பூசி, காய்ச்சிய நீர், மது விலக்கு, எடைக் குறைப்பு, காலத்தே பரிசோதனை ஆகிய ஐந்தும் முன்வரிசையில் நிற்கின்றன. கரிசாலையும் நெல்லியும் கீரையாகவும் கனியாகவும் உணவில் இடம்பெறத் தகுந்தவை. கீழாநெல்லி மேலும் ஆய்வுக்குரிய மூலிகை. சித்த மருத்துவரின் மேற்பார்வையில், ரத்தப் பரிசோதனையால் காமாலையின் காரணத்தை அறிந்தபின் துணையாகக் கொள்ளத்தக்கது. காரணம் தெரியாத காமாலைக்கு எந்தத் தழையும் மருந்தாகாது.